கையெழுத்து ஒத்துப்போகிறது

உலகத்தில் யாராலும் ஏமாற்ற முடியாத இடம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைப் பிரிவுதான். இது தற்பெருமை அல்ல. பதினெட்டு ஆண்டுகளாக அங்கே கையெழுத்து சரிபார்ப்பவன் நான். அரசாங்க எண் பொறித்த பூதக்கண்ணாடி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. ஊனமில்லாதவர்களிடமிருந்து உதவித்தொகையைக் காப்பாற்றுவது எங்கள் கடமை. சில வேளைகளில் ஊனமுள்ளவர்களிடமிருந்தும் காப்பாற்றிவிடுகிறோம். அது நாங்கள் ஊதியமில்லாமல் செய்யும் கூடுதல் உழைப்பு.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் 'கட்டிங் மாஸ்டர்' தன் மனைவியுடன் என் மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று. விண்ணப்பம் ஒழுங்காக இருந்தது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது என்று பெரிய மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தது. புகைப்படம் இருந்தது. எல்லாம் இவ்வளவு சரியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

"மாஸ்டர், விண்ணப்பத்துல இருக்கற கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"அடையாள அட்டையில இருக்கறது?"

"அதுவும் என்னோடதுதான். அது வலது கையில போட்டது."

"இதையும் அந்தக் கையிலயே போட்டிருக்கலாமே?"

அவர் முழுக்கைச் சட்டையின் முனையை மேலே தள்ளிக் காட்டினார். நான் மனதார வருத்தப்பட்டேன். பிறகு நிராகரித்தேன்.

"கைநாட்டு வெச்சுக் குடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார் மனைவி.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் கைநாட்டு வைக்கலாம். இவர் எட்டாவது பாஸ்."

அந்த அம்மாள் கணவரை முறைத்தார். "அன்னிக்கே பள்ளிக்கூடம் போகாம இருந்திருக்கலாம்ல?"

காலையில் ஒரு கிளினிக்கில் தரை துடைப்பு, மதியத்துக்கு மேல் ஒரு சலவைக் கடையில் துணி மடிப்பு என்று அந்த அம்மாள் இரண்டு வேலை பார்க்கிறாராம். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. உதவித்தொகை வந்தால் ஒரு வேலையை விட்டுவிட்டு வைத்தியம் பார்க்கலாம் என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. அதற்காகச் சட்டத்தை வளைக்க முடியுமா? 'கையெழுத்து ஒத்துப்போகாமையால், விண்ணப்பதாரர்தான் விண்ணப்பதாரர் என்பது நிறுவப்படவில்லை' என்று ஆணை எழுதினேன். இன்று படித்தாலும் எனக்கே புல்லரிக்கிறது.

ஆனாலும் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. "தொண்ணூறு நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். அதுக்குள்ள இடது கையில பழைய கையெழுத்தே வர்ற மாதிரி பழகிட்டு வாங்க" என்று யோசனையும் சொல்லி அனுப்பினேன்.

எண்பத்தேழாவது நாள் வந்தார்கள். மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர்: தலைவர், டாக்டர், செயலாளர் என்ற முறையில் நான். மாஸ்டர் இடது கையால் பேனாவைப் பிடித்தார். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டார். முதல் எழுத்தின் சுழி, நடுவில் ஒரு கொக்கி, அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. வியர்வை காகிதத்தில் சொட்டாமல் அவர் மனைவி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார்.

"வீட்டுல ஒரு தாள் மிச்சமில்லீங்க. கரண்ட் பில்லுக்குப் பின்னாடி, காலண்டர்ல, கடைசியில சமையலறைச் சுவர்ல. எங்க பாத்தாலும் இவர் கையெழுத்துதான்" என்றார்.

நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. "ஒத்துப்போகிறது!" என்று அறிவித்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதினெட்டு ஆண்டுகளில் என்னை யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"பழைய கையெழுத்து வலது கையில போட்டது. இல்லையா?"

"ஆமாங்க" என்றார் மாஸ்டர்.

"இதுவும் அப்படியே அச்சு அசலா இருக்கு?"

"ஆமாங்க."

"அப்ப வலது கை செய்யற வேலை எதுவும் நின்னு போகலையே?"

டாக்டர் தன் தாளில் குறித்தார்: "செயல்பாட்டு இழப்பு, பூஜ்யம்."

மாஸ்டர் கையை உயர்த்திக் காட்டினார். "கையே இல்லீங்களே ஐயா!"

"கை இருக்கா இல்லையாங்கறதை மருத்துவமனை பாத்துக்கும். நாங்க பாக்கறது கையோட வேலையை மட்டும்" என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"காகிதம் வெட்டற மெஷின்ல ரெண்டு பட்டன் இருக்குங்க. ரெண்டு கையாலயும் சேத்து அழுத்தினாத்தான் கத்தி இறங்கும். வேலை வேகமா ஆகணும்னு முதலாளி ஒரு பட்டன்ல டேப் ஒட்டி வெச்சிருந்தாரு. அதுலதான் இவர் கை போச்சு. இனிமே எந்த அச்சகத்துல இவரைச் சேத்துக்குவாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"டேப் விஷயம் தொழிலாளர் துறைம்மா. நாலாவது மாடி" என்றார் தலைவர்.

"சரிங்க, கையெழுத்து கோணலா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒத்துப்போகலைன்னு தள்ளியிருப்போம்."

"இப்ப நேரா வந்திருக்கு."

"ஒத்துப்போகுதுன்னு தள்ளறோம். எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது."

தள்ளுபடி ஆணையைப் பெற்றுக்கொண்டதற்கு மாஸ்டரிடம் ஒப்புதல் வாங்கவேண்டும். நீட்டினேன். அதே சுழி, அதே கொக்கி, அதே இரண்டு புள்ளி. அழகாகப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். சலவைக் கடைக்கு நேரமாகிவிட்டதாம்.

எங்கள் பெருமைக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா? குழுவில் நாங்கள் மூன்று பேர். ஆறு கைகள், முப்பது விரல்கள், ஒரு நகத்துக்குக்கூடச் சேதமில்லை. அந்த ஆணையில் 'வழங்கலாம்' என்று ஒரே ஒரு சொல் எழுத அவற்றில் ஒரு கைக்கும் முடியவில்லை. இந்த ஊனத்துக்கு மட்டும் அரசாங்கம் விண்ணப்பம் கேட்காமல், சான்றிதழ் கேட்காமல், மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்துவிடுகிறது.