வேலிக்கு அப்புறத்துச் சாட்சி

மனிதனைக் கடுப்பேற்றுவதில் சாந்தன்பாறை வட்டாரத்து மழைக்கால அட்டையும் சாட்சிக்காரருக்கு நிகரன்று. அட்டையாவது உப்பைக் கண்டால் பிடியை விடும். இறைவனையே பித்தன் என்று ஏசிப் பாடிய மரபில் வந்தவன் நான். ஆகவே அவரைக் கிறுக்கர் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

பச்சை ஏலக்காயை உலர்த்தித் தரும் ஸ்டோர் அவருடையது. ஊர் வைத்த பெயர் ‘சாட்சிக்காரர்’. யார் மூட்டை கொண்டுவந்தாலும், அது களவுக்காய் அன்று என்று பக்கத்துத் தோட்டக்காரர் நேரில் வந்து சொல்ல வேண்டும். இல்லையேல் அடுப்பு எரியாது. சொந்த மைத்துனரையே வாசலில் மறித்தார்.

“சொந்தக்காரன் சாட்சி செல்லாது மாப்ள. வேலிக்காரனக் கூட்டிட்டு வா.”

தம் காயை உலர்த்தும் நாளிலோ, அண்டைத் தோட்டக்காரரோடு தம் ஸ்டோர் வாசலில் நின்று, தாம் அமரும் வெற்று நாற்காலியிடம் அனுமதி கேட்பார்.

ஓர் ஆவணியில் என் தோட்டத்து முதல் பறிப்பான மூன்று மூட்டையை அவர் ஸ்டோர் வாசலில் இறக்கினேன். எனக்கும் பக்கத்துத் தோட்டத்து மாடசாமிக்கும் ஓடைத் தண்ணீரால் மூண்ட பகை. நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை.

“வேலிக்காரர் எங்க, அண்ணாச்சி?”

“தெனமும் பதிகம் பாடுறவன் நான். என்னையவா சந்தேகப்படுறீரு?”

“சாமிகிட்டப் பாடுறீக, சரி. சாமி என்ன வேலிக்கு அந்தப் பக்கமா குடியிருக்காரு?”

மூட்டைக்குள் காய் புழுங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் உலர்த்தும் தட்டில் ஏறாவிட்டால் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். மற்ற ஸ்டோர்களில் அன்று இடமில்லை. ஓராண்டு உழைப்பு என் கண்ணெதிரே அவிந்துகொண்டிருக்க, அறிந்த வசையனைத்தையும் செந்தமிழில் பொழிந்தேன்.

“இன்னும் ரெண்டு சொல்லுங்க. கேக்க நல்லாருக்கு” என்றார் அந்தப் பாவி.

பல்லைக் கடித்துக்கொண்டு மாடசாமியின் வாசலில் போய் நின்றேன். செய்தியைக் கேட்டவன், சட்டையை மாட்டிக்கொண்டு என் ஜீப்பில் ஏறினான். ஸ்டோரில்தான் வாய் திறந்தான்.

“இவரு காய்தான். களவாங்குற துப்பு இவருக்குக் கிடையாது.”

பிறர் முன்னிலையில் அப்படியோர் அவமானத்தை நான் அடைந்ததில்லை. அடுப்பு எரிந்தது, காய் கிளிப்பச்சையாகத் தப்பியது. திரும்பும் வழியெங்கும் நானும் மாடசாமியும் ஓடையைப் பற்றிச் சண்டையிட்டோம். நான்கு ஆண்டுகளில் அதுவே எங்கள் முதல் பேச்சு.

சென்ற ஆண்டு சாட்சிக்காரர் காலமானார். எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனாரே, அந்தக் கோபமும் எனக்கு ஆறவில்லை. இப்போது அங்கே புதிய ஸ்டோர். எவன் காய், எந்தத் தோட்டத்துக் காய் என்று ஒரு கேள்வி கிடையாது, வாங்கிக் கொட்டுகிறார்கள். தோட்டங்களில் ஏலக்காய் சரம்சரமாகக் களவு போகிறது. வெட்கம் கெட்ட வியாபாரம்.

ஆயினும் நான் மூட்டை ஏற்றும் நாளில் மாடசாமி தானாகவே வந்து ஜீப்பின் முன்னிருக்கையில் அமர்கிறான். ஸ்டோர் வாசலில் இருவரும் சற்றே நிற்கிறோம், யாரேனும் கேட்கமாட்டார்களா என்று.