மாப்பிள்ளைக் காருக்கு வார்னிஷ்

நகத்தால் லேசாகத்தான் சுரண்டினார் வெள்ளியங்கிரி. கார் பானெட்டின் மேல் வார்னிஷ் வெங்காயச் சருகு மாதிரி உள்ளங்கை அகலத்துக்குக் கையோடு வந்துவிட்டது.

பதறிப்போய் அதை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். ஒட்டுமா என்ன?

மகள் குஞ்சம்மாளுக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சீர் அந்தக் கார். கிணற்றுமேட்டு நிலத்தை விற்று, சேலத்துத் தரகரிடம் பழையதாக வாங்கி எருமப்பட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜேடர்பாளையத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி வந்து பார்ப்பார். பிடித்தால்தான் நிச்சயம்.

"வெள்ளிக்கெழம பாக்க வர்றது என்னையவா, காரையாப்பா?" என்றாள் குஞ்சம்மாள். பி.எஸ்ஸி. முடித்தவள். மேலே படிக்கச் சேலத்தில் இடம் கிடைத்தும், கல்யாணத்தைக் காரணம் சொல்லி வீட்டில் உட்கார வைக்கப்பட்டவள்.

"உன்னையத்தான் போன மாசமே பாத்துட்டாங்களே சாமி."

"என்ற தோலு உரியாதுன்னு உறுதி பண்ணிக்கிட்டாங்களாக்கும்!"

வெள்ளியங்கிரி காதில் வாங்கவில்லை. மைதாப் பசை காய்ச்சி, உரிந்த துண்டை ஒட்டினார். பசை வாசத்துக்குக் கோழிகள் பானெட்டில் ஏறிக் கொத்தின. உரியாமல் இருந்ததும் போயிற்று.

நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்து பெயிண்டர் முனீர் வந்தார்.

"இதெல்லாம் ஒரு வேலையாண்ணா? நான் வார்னிஷ் அடிச்ச லாரி அசாம் மழையையே பாத்துட்டு வந்துருக்குது" என்று தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். "வார்னிஷ் கலக்கிட்டு வந்துர்றேன். அக்கா, தூசி இல்லாமத் தொடச்சு வையுங்க. எண்ணெப் பிசுக்கு பட்டாக்கூட வார்னிஷ் புடிக்காது."

"சரிங்க" என்றாள் வெள்ளியங்கிரியின் மனைவி காளியாத்தாள். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் அவள் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

பூச்சு முடிந்ததும் வெள்ளியங்கிரி பானெட்டில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அந்த முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழுந்தது. மறுநாள் வெயிலில் வார்னிஷ் அப்பளமாகச் சுருண்டது.

"என்ற கை இப்படித் தோத்ததே இல்லீங்ணா" என்று முனீர் தலையில் கை வைத்தார்.

மறுபடி தேய்ப்பு. மறுபடி காளியாத்தாள் துடைப்பு. மறுபடி பூச்சு. இம்முறை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி விழுந்தது.

"கண்ணு பட்டுருச்சு. பங்காளிக கண்ணு!" என்று வெள்ளியங்கிரி பூசணிக்காயைச் சுற்றிக் காரின் முன்னால் ஓங்கி உடைத்தார். குங்குமத் தண்ணீரும் விதைகளும் ஈர வார்னிஷில் தெறித்து ஒட்டிக்கொண்டன.

குஞ்சம்மாள் சிரித்துவிட்டாள்.

"நீதான் என்னமோ பண்றே!"

"பண்றதா இருந்தா பாறாங்கல்லத் தூக்கியே போட்டுருப்பேம்ப்பா!"

ஆனால் அப்பா துண்டால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும், அவளே குனிந்து விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்றாவது பூச்சு. அது காய்ந்தும் காயாமலும் இருக்கையில் அர்த்தநாரி வந்து இறங்கினார். வணக்கத்துக்குப் பதில்கூடச் சொல்லாமல் நேராகக் காரிடம் போய் விரலை வைத்தார். வார்னிஷ் தோலாக விரலோடு வந்தது. உதறினார், மறு கைக்குத் தாவியது. பிய்த்தெறிந்தார், வெள்ளை வேட்டியில் ஒட்டியது.

"ஏனுங்க, தேமல் புடிச்ச காரை எங்க தலையில கட்டப் பாத்தீங்களா? புதுசா ஒண்ணு வாங்கி நிறுத்துங்க. அதுவரைக்கும் புள்ள உங்க ஊட்டுலயே கெடக்கட்டும்."

காரைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்ட வெள்ளியங்கிரிக்குக் கடைசி வார்த்தை பொறுக்கவில்லை.

"எம்புள்ள எதுக்குங்க கெடக்கறா? சேலத்துக்குப் படிக்கப் போறா. நீங்க கெளம்புங்க!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. குஞ்சம்மாள் அப்பாவை வாய் திறந்து பார்த்தாள். அர்த்தநாரி போன புழுதி அடங்கியதும், வெள்ளியங்கிரி கட்டிலில் உட்கார்ந்தார்.

"போச்சாது உடு சாமி. ஆனா யாரு கண்ணு பட்டுச்சுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகோணும்."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள் காளியாத்தாள்.

"கண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. தொடைக்கச் சொன்னப்பவெல்லாம் துணியில தேங்காயெண்ணெயத் தொட்டுத் தொடச்சு உட்டேனுங்க."