கூரைக் கண்ணாடியில் ஒரு கால்

ஆலைக் கரி எல்லாம் போய்விட்டது. அந்த ஒரு கறை மட்டும் போகவில்லை.

கள்ளக்குறிச்சி புறவழிச்சாலை ஓரத்து வாட்டர் வாஷ் கொட்டகையில், வீரமணி காலையிலிருந்து அந்தக் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில்துறைப்பட்டு அரங்கநாதனுடைய கார். கூரை முழுக்க ஒரே கண்ணாடி. சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை தொடங்கிவிட்டால் அந்த ஊரில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது; கண்ணாடியை மட்டும் கரி விட்டுவைக்குமா?

காய்ந்த கரியைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். அதனால் தண்ணீரைப் பீய்ச்சி ஊறவைத்து, நுரை போட்டு, பூப்போலத் துடைத்தெடுத்தார். கதவு, பானெட் எல்லாம் மெழுகு போட்டாயிற்று. கூரைக்குப் பளபளப்புக் கோட்டிங் பூசுகிற நேரத்தில்தான் பார்த்தார், நடுவில் மங்கலாக ஒரு கறை.

ஷாம்பு போட்டார். அசையவில்லை. வினிகர் ஊற்றினார். அது பாட்டுக்கு இருந்தது. ஸ்டூல் மேல் ஏறி, பாதி உடம்பைக் கூரையில் சாய்த்து, முக்கால் மணி நேரம் தேய்த்தார். இடுப்புதான் தேய்ந்தது. கடைசியில் இறங்கி, கதவைத் திறந்து, உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தார். கறை உள்பக்கம்.

“இன்னா மனுசன்டா நானு! வூட்டுக்கு உள்ள குப்பைய வச்சிக்கினு வெளிய பெருக்கிக்கினு இருக்கேன்!”

ஒரு தெளிப்பு. ஒரு துடைப்பு. கண்ணாடி வானம் மாதிரி ஆகிவிட்டது.

அவர் சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

“அண்ணே, ஜெயப்பிரகாஷ் பேசறேன், அரங்கநாதன் அய்யா டிரைவர். காலைல வண்டிய வுடறப்போ ஒன்னு சொல்ல மறந்துட்டேன். மேல் கண்ணாடிக்கு உள்பக்கம் மட்டும் கை வச்சிடாதீங்க.”

“ஏன், இன்னா இருக்குது அங்க?”

“அய்யா பேத்தி காலு. பாப்பா குடும்பத்தோட கனடாவுக்குப் போன அன்னிக்கு, அய்யா பின்சீட்ல படுத்துக்கினு, பாப்பாவத் தலைகீழாத் தூக்கிக் கண்ணாடில நடக்க வுட்டாரு. வானத்துல நடக்குறான்னு ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. மூணு வருசமாச்சு. இன்னும் வரல அவங்க. அய்யா கார்ல ஏறினா ரோட்டப் பாக்க மாட்டாரு. அதையேதான் பாத்துக்கினு வருவாரு.”

வீரமணி கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

“அண்ணே, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.”

“அஞ்சு மணிக்கு அய்யாவோட வரேன். அப்படியே கல்ராயன்மலைக்குப் போறோம்.”

வீரமணி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் எழில்மதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பொங்கலுக்குத்தான் வருவாள். அவள் திரும்பிப் போனால், அவள் தலை வைத்த தலையணை உறையை ஒரு வாரம் துவைக்க விடமாட்டார். வேலை போனால் வேறு கொட்டகை உண்டு. அந்தக் காலுக்கு எங்கே போவது?

பக்கத்து டீக்கடைச் சந்தியாவிடம் ஓடினார்.

“இதுக்கா இப்படி வேர்த்து வழியறீங்க?” என்றாள் அவள். “கோகுலாஷ்டமிக்கு வாசல்லருந்து சாமி படம் வரைக்கும் கிருஷ்ணர் காலு வைக்கல? கைய மூடி மாவுல தோச்சி ஒரு அழுத்து. மேல அஞ்சு பொட்டு. அவ்ளோதான்.”

அரிசி மாவைக் கரைத்து வந்து வைத்தும் விட்டாள். கால் அவ்வளவு அழகாக விழுந்தது. பத்து நிமிட வெயிலில் காய்ந்து வெள்ளைவெளேரென்று நின்றது. பிறகு கறுப்புச் சீட்டில் பொலபொலவென்று உதிர்ந்தது.

“நல்லாத்தானண்ணே இருக்குது?”

“அழகு ஜாஸ்தியா இருக்குது தங்கச்சி. வண்டிக்குள்ள கண்ணன் பொறந்தாப்புல இருக்குது. அய்யா இன்னா, கும்புடவா போறாரு?”

அதைத் துடைத்து, சீட்டு மாவை உறிஞ்சி எடுக்க ஒரு மணி நேரம் போயிற்று. அடுத்து வீரமணியே தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தன் கையால் முயன்றார். ஒரு சீப்பு வாழைப்பழம் மாதிரி அச்சு விழுந்தது.

டீக்கடைக்குப் பின்னால் சேலைத் தூளியில் சந்தியாவின் ஒன்றரை வயது இலக்கியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, பாப்பா காலக் கொஞ்சம் தாயேன்.”

“கால் மட்டும் தனியா வராதுண்ணே. முழுசாத்தான் தூக்கிக்கினு போவணும்.”

தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளங்காலில் எண்ணெயைத் தொட்டுத் தலைகீழாகப் பிடித்ததும் இலக்கியாவுக்கு ஒரே குஷி. ஒன்று போதும் என்றால் பதினோரு கால் வைத்தாள். வீரமணி “போதும்மா, போதும்மா” என்று இறக்கிய இடம் பின்சீட்டு. அரங்கநாதன் உட்காருகிற இடமாகப் பார்த்து ஈரமாக்கிவிட்டுக் கைதட்டினாள்.

சீட்டைக் கழுவிக் காற்றடித்தார்கள். வாடை போகவில்லை. சந்தியா சாம்பிராணி போட்டாள். வாடை போயிற்று, கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நாலு கதவையும் திறந்து வைத்து, ஒருவர் முறத்தாலும் ஒருவர் அட்டையாலும் விசிற, ரோட்டில் போன டவுன்பஸ்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

புகை கலைந்ததும், காது குடையும் பஞ்சை எடுத்துப் பத்து கால்களை ஒவ்வொன்றாக அழித்தார் வீரமணி. பதினோராவதை மட்டும் விட்டார். மேலே கோட்டிங் பூசி முடிக்கும்போது மணி ஐந்து.

அரங்கநாதன் வந்தார். கூரையின் பளபளப்பைப் பார்க்கவில்லை. மெழுகைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேராகப் பின்சீட்டில் ஏறி, தலையைச் சாய்த்து அண்ணாந்தார்.

கண்ணாடிக்கு மேலே மலைப்பக்கமிருந்து ஒரு மேகம் வந்து, அந்தக் காலைத் தாண்டிப் போயிற்று. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வீரமணி வாயைத் திறந்தார்.

“வீரமணி,” என்றார் அரங்கநாதன், கண்ணை இறக்காமல். “பாப்பா காலு முன்னைக்கு இப்போ கொஞ்சம் வளந்தாப்புல இல்ல?”

வீரமணி திறந்த வாயை மூடிக்கொண்டார். கார்க் கதவு சாத்திக்கொண்டது, அதன் கண்ணாடியும் ஏறியது.

வண்டியைச் சுற்றிப் பார்ப்பதுபோல் வந்த ஜெயப்பிரகாஷ், கூரையிலிருந்த காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீரமணியின் காதோரம் குனிந்தான்.

“பயப்படாதீங்கண்ணே. போன வருசம் நான் தெரியாமத் தொடச்சிட்டு எம் பொண்ணு கால வச்சப்பவும் அய்யா இதேதான் சொன்னாரு.”