நாற்பத்தோராவது சாமான்

இந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு பொருளாவது இருந்தே தீர வேண்டும்!

இந்த வீரமான முடிவை நான் சாப்பாட்டு மேஜையில் எடுத்தேன். வாய் நிறைய சோறும் மொலோகியாக் கீரைக் குழம்பும் இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை.

பின்னே என்ன சார்? கட்டில் என் மனைவியுடையது. சோபா அவளுடையது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், நான் இப்போது பிடித்திருக்கும் கரண்டி, எல்லாம் அவளுடையது. கெய்ரோவில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கையெழுத்துப் போடும் சாமான் பட்டியல் ஒன்று உண்டு. காயிமா என்பார்கள். அதில் இருப்பதெல்லாம் பெண்ணுக்குச் சொந்தம். கேட்டால் எடுத்து வைக்க வேண்டும், வைக்காவிட்டால் ஜெயில். அதை எவனும் படித்துப் பார்ப்பதில்லை. பெண் வீட்டு ஆட்கள் பதினைந்து பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது பக்கம் புரட்டிப் படித்தால், "கஞ்சப்பயல், நம்மையே சந்தேகப்படுறான்" என்று பெயர் வரும். நானும் படிக்கவில்லை. வால் வைத்து, பூப்போட்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருஷமாயிற்று.

ஆகவே, பட்டியலுக்கு வெளியே ஒரு பொருள். எனக்கே எனக்கு. ஒரு கம்ப்யூட்டர்!

அவசரத்துக்குக் காரணம் மக்ரம். குடிநீர்க் கட்டண ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. நானும் அவனும் அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுவோம். என்னிடம் இருப்பது ஓட்டை லேப்டாப். முதலில் என் கார் வரும், ரோடு நிதானமாகப் பின்னால் வரும். மறுநாள் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஷவ்கி, நேத்து உன் காரைக் கழுதை கட்டி இழுத்தியா?" என்பான். பதினாறு வருஷ சர்வீஸ் உள்ள மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் விளையாடுவதற்கு என்றால் நெர்மீன் விடுவாளா? நெர்மீன் என் மனைவி. கல்யாணக் கார்டு வரைந்து விற்கிறாள், அதே ஓட்டை லேப்டாப்பில். சட்டென்று திட்டம் உதித்தது.

"நெர்மீன், நீ படுற பாட்டை என்னால பார்க்க முடியல. உனக்கு நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கித் தரப்போறேன். டிசைன் பண்ண."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "லமீஸ் அப்பா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

லமீஸ் எங்கள் பெண். அவள் பேரை வைத்துத்தான் நெர்மீன் என்னைக் கூப்பிடுவாள். என் பேர்கூட எனக்கில்லை பாருங்கள்!

பன்னிரண்டு நாள் வீடியோ பார்த்துப் பாடம் படித்தேன். கார் வேகமாக ஓட கிராபிக்ஸ் கார்டு பெரிசாக. மற்றதெல்லாம் பேருக்கு. பேர் டிசைன், உள்ளே கார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? ஒரே கூட்டம், தூசி..."

"எனக்குத்தானே வாங்குறீங்க?"

கூட்டிக்கொண்டு போனேன்.

பாப் அல்-லூக் பக்கத்தில் பய்யூமியின் கம்ப்யூட்டர் கடை. டீ கொடுத்து, என் தாளை வாங்கிப் படித்தான். "அடேயப்பா, பெரிய கார்டு பாஷா!" என்றான். கெய்ரோ கடைக்காரனுக்கு வருகிறவன் எல்லாம் பாஷாதான்.

"ரேம் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்றாள் நெர்மீன், கத்திரிக்காய் விலை கேட்கிற மாதிரி.

எனக்கு டீ புரை ஏறியது. "ப... பதினாறு. தாராளம்."

"பெரிய பேனர் வரைஞ்சா திணறிடுமே. முப்பத்திரண்டா போடுங்க உஸ்தா," என்று பய்யூமியிடம் சொன்னாள்.

"அப்ப கார்டுல கொஞ்சம் குறைக்கணும் மேடம்."

"குறைங்க."

"குறைக்காதே!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"ஏன் லமீஸ் அப்பா? கல்யாணக் கார்டு என்ன, முந்நூறு கிலோமீட்டர் வேகத்துலயா ஓடப்போகுது?"

கார்டு ஒரு படி இறங்கியது. என் நெஞ்சும் இறங்கியது.

அடுத்தது திரை. படம் மின்னல் வேகத்தில் மாறும் திரையை நான் காட்டினேன். அவள் நிறம் பிசகாமல் காட்டும் திரையைக் காட்டினாள்.

"கார்டுல ரோஸ் பூ, அச்சுல ஆரஞ்சா வந்தா மாப்பிள்ளையோட அம்மா யாரைத் திட்டுவா? உங்களையா?"

"மேடம் சொல்றதுதான் சரி பாஷா," என்றான் பய்யூமி. துரோகி! அவன் டீயைக் குடித்தது தப்பு.

"பவர் சப்ளை நல்லதாக் குடுங்க உஸ்தா. எங்க தெருவுல கரண்ட் போறதும் வர்றதுமா இருக்கு. மட்டமானது போட்டா மத்ததையும் சேர்த்து எரிச்சுடும்."

இதில் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னிரண்டு நாளா நீங்க சத்தமா வச்சு வீடியோ பார்த்தீங்க. நான் மஹ்ஷிக்கு முட்டைக்கோஸ் இலை சுருட்டிக்கிட்டே கேட்டேன்."

கடைசியில் நான் ஜெயித்தது ஒன்றே ஒன்று. கலர் கலராக விளக்கு எரியும் பெட்டி.

"இந்த விளக்கு எதுக்கு?"

"வரையுறவங்க கண்ணுக்குக் குளிர்ச்சி."

"பாவம், ஆசைப்படுறார். குடுத்துடுங்க உஸ்தா."

"பில்லுல என்னன்னு எழுதட்டும்?" என்றான் பய்யூமி.

நெர்மீன் முந்திக்கொண்டாள். "'கம்ப்யூட்டர் ஒன்று, வரைவதற்கு, முழுசு'ன்னு எழுதுங்க."

என் பொய்யை எவ்வளவு நம்பிவிட்டாள், பாவம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கார்டு ஒரு படி இறங்கினால் என்ன, மக்ரமுக்கு இது போதும்!

வெள்ளிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து பாகங்களை நானே பூட்டினேன். விரலில் கீறல், சட்டையில் பசை, தரையில் எந்த ஓட்டைக்கும் சேராத ஒரு ஸ்க்ரூ. ஆனால் விளக்கு எரிந்தது! சாயங்காலம் நாலு மணிக்குப் பந்தயம் என்று மக்ரமுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மசூதிக்குத் தொழப் போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் நெர்மீன்.

"கொஞ்சம் எழுந்திரு. நாலு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு."

"எனக்கும் வேலை இருக்கு. நாளைக்குள்ள ரெண்டு கல்யாணக் கார்டு."

"நாளைக்குப் பண்ணு."

"எனக்கு வாங்கினதுதானே? நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

பொறுமைக்கும் ஓர் எல்லை இல்லையா? "டிசைனாவது மண்ணாங்கட்டியாவது! கார் ஓட்டத்தான் வாங்கினேன்! என் சம்பளம்! என் கம்ப்யூட்டர்! இந்த வீட்டில் எனக்குன்னு இருக்குறது இது ஒண்ணுதான்!"

அவள் கோபப்படவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து, பெருநாள் பிஸ்கட் டப்பாவிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். காயிமா.

"நாற்பது: ஸ்படிகச் சரவிளக்கு ஒன்று. நாற்பத்தி ஒண்ணு: கம்ப்யூட்டர் ஒன்று, வரைவதற்கு, முழுசு. எல்லாம் பெற்றுக்கொண்டேன், ஷவ்கி."

பிடுங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். வாலும் பூவும் அப்படியே.

"அநியாயம்! அப்படி ஒண்ணு இந்த வீட்டுக்கு வரவே இல்லை! உங்க அப்பா சொந்தக்காரங்க முன்னாடி ஜம்பத்துக்கு எழுதினது!"

"வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"அதை எவன் படிச்சான்?"

"ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? நீங்களா வாங்கித் தர்றேன்னீங்க. சரி, கடமை தவறாத மனுஷன்னு நினைச்சேன்." தாளை மடித்தாள். "சரவிளக்கைப் பத்தி இப்பப் பேச வேண்டாம்."

சரவிளக்கும் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. சோபாவில் உட்கார்ந்தேன். அவளுடைய சோபா.

"நாலு மணிக்கு மக்ரம் காத்திருப்பானே நெர்மீன்..."

"மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமைக்கு ஒரு மணி நேரம் ஓட்டிக்குங்க. உங்களுக்கும் உள்ளே ஒரு பேர் போட்டு வச்சிருக்கேன்."

எழுந்தாள். நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே அவள் படத்தோடு, 'நெர்மீன்'. கீழே படம் இல்லாமல், 'விருந்தாளி'.