பொத்தான் யார் பக்கம்?

லண்டன் மாநகரில் எங்கள் சந்துச் சாக்கடை இரண்டு பேட்டைகளின் எல்லைக்கோட்டில் ஓடுகிறது. ஆகவே அது யாருடைய சாக்கடையும் அல்ல என்பது மாட்சிமை தாங்கிய இரு பேட்டை வாரியங்களின் ஏகமனதான தீர்மானம். அவை ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தீர்மானத்தின் நகல் சாக்கடைக்குக் கிடைக்கவில்லை போலும். மூன்று வாரமாக என் வீட்டு அடுக்களைக்குள் வந்து நின்றது. என் மனைவி லெட்டி காலையும் மாலையும் வாளியில் மொண்டு ஊற்றினாள்.

நான் ஒரு கேலிச்சித்திர வாரப் பத்திரிகையில் மரக்கட்டையில் படம் செதுக்குகிறவன். அந்த வாரம் மேற்கு வாரியத் தலைவர் கிரம்ஷா அகப்பட்டார். தொப்பையும் தொப்பியுமாகச் சாக்கடை நடுவில் நின்று, 'எனக்கு ஒரு கால்தான் நனைந்திருக்கிறது' என்று அவர் சொல்வதாகப் படம். பெரிய படம் என்றால் கட்டையைத் துண்டு துண்டாகக் கழற்றி ஆளுக்கொன்றாகச் செதுக்குவோம். பிறகு திருகி ஒன்றாக்கி அச்சுக்கு அனுப்புவோம். தொப்பையில் ஒரு பாதி எனக்கு, மறு பாதி என்னோடு செதுக்கும் ஜெத்ரோவுக்கு. என் வயிற்றெரிச்சலையெல்லாம் அதில் இறக்கினேன். ஊரே சிரித்தது.

திங்கட்கிழமை கிரம்ஷா பத்திரிகையும் கையுமாக எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டார். சாக்கடையைப் பற்றி அவருக்கு ஆட்சேபணையே இல்லை. தம் கோட்டில் ஆறு பொத்தான், படத்தில் ஐந்துதான், ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மை அப்பியிருக்கிறது, இதனால் வாரியத்தின் கௌரவம் குலைந்தது என்றார்.

நான் விடவில்லை. "பொத்தானை விடுங்க ஐயா. எங்க அடுக்களையில தண்ணி நிக்குது."

"எந்தப் பாதியில?"

"முழுசாவும்தான்."

"அப்போ பாதிக்கு மேல நான் பேச முடியாது. அது கெடக்கட்டும், பொத்தானைச் செதுக்காம விட்டது யாரு?"

ஜெத்ரோ என்னைப் பார்த்தான். நான் ஜெத்ரோவைப் பார்த்தேன். பொத்தான் சரியாக இரண்டு துண்டும் சேரும் இடத்தில் இருந்தது. அவன் செதுக்குவான் என்று நானும், நான் செதுக்குவேன் என்று அவனும் விட்டிருந்தோம். செதுக்காத மரம் அச்சில் கறுப்பாகத்தான் விழும்.

இதைச் சொன்னதும் கிரம்ஷாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, இங்க என்ன பண்றீங்க? நம்ம வாரியத்துக்கு வந்துடுங்க."

சாயங்காலம் வரை நானும் ஜெத்ரோவும் உட்கார்ந்து, பொத்தானில் பெரிய பாதி யாருடையது என்று அளந்து பார்த்தோம். முடிவாகவில்லை. வீட்டுக்கு வந்து, தப்பு முழுக்க ஜெத்ரோ மேல்தான் என்று லெட்டியிடம் விளக்கினேன். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு வாளியை என் கையில் கொடுத்தாள்.

"என் பாதிய நான் அள்ளியாச்சு. மிச்சத் தண்ணி உங்களதா, ஜெத்ரோவோடதான்னு அளந்து பாத்துட்டு அள்ளுங்க" என்றாள்.