கீறல் விழாத கதவு

ஒரு காட்டில், வீட்டுக்கு வீடு பார்சல் வரத் தொடங்கிவிட்ட காலத்தில், அஞ்சலை என்றொரு கரடி இருந்தாள். அவள் குகை வாசலைத் தாண்டினால் பன்னிரண்டு கல்படி, செங்குத்தாக. அவள் பிள்ளை உருண்டை அப்போதுதான் தவழப் பழகியிருந்தது. இரண்டு தரம் உருண்டுபோய் மூன்றாம் படியில் தட்டி நின்றது. பெற்ற வயிறு பதறாதா?

"அடுத்த தரமும் அங்கேயே நிக்கும்னு என்ன நிச்சயம்? கிளம்புங்க, வாசல்ல மாட்ட ஒரு குட்டைக் கம்பிக் கதவு வாங்கணும்" என்று புருஷன் மாசிலாமணியை இழுத்துக்கொண்டு மரங்கொத்தி கடைக்குப் போனாள்.

மரங்கொத்தி ஒவ்வொரு கதவையும் தட்டிக் காட்டியது. "படிக்கு மேலேன்னா திருகாணி போட்டு முடுக்குறதுதான் அக்கா சரி. கம்பி இடுக்குல தலை போகாது. யானை வீட்டுலயே இதுதான்."

"குட்டி யானை முட்டினாலும் தாங்குதா?"

"அசையாது. ஆனா ஒண்ணு, கீறல் விழுந்தா மாத்தித் தரமாட்டோம்."

இந்தக் கடைசி வார்த்தைதான் அஞ்சலையின் மனசில் ஆணியடித்த மாதிரி நின்றது.

நல்ல நேரம் பார்த்து மாட்டினார்கள். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் புதுசு போய்விடுமே! உருண்டை ஆசையாகத் தவழ்ந்து வந்து கம்பியைக் கவ்வப் போனது.

"ஐயையோ, கதவு!" என்று அலறி, பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள். வைத்தவள் இறக்கவே இல்லை.

அவள் குளிக்கப் போனால் மாசிலாமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காவல். தாழ்ப்பாள் தேய்ந்துவிடும் என்று கதவைத் திறக்கவும் தடை. வெளியே போக வேண்டுமா, ஏறித் தாண்டு. மூன்று மாதத்தில் பிள்ளைக்குத் தரையே மறந்துபோயிற்று.

"என்ன இருந்தாலும் விலைக்கேத்த பொருள்! பிள்ளை ஒரு தரம்கூட விழலையே!" என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள் அஞ்சலை.

ஒருநாள் தேனெடுக்கக் கிளம்பிய மாசிலாமணி கதவைத் தாண்டும்போது கால் இடறிவிட்டது. மூன்றாம் படியில் நிற்கவில்லை. பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத்தான் நின்றான்.

அஞ்சலை பிள்ளையோடு ஓடிவந்தாள்.

"என்னங்க! கதவுல நகம் பட்டுதா?"

"படலை" என்று கீழேயிருந்து முனகல் வந்தது.

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க!"

நீதி: நல்ல கதவு குழந்தையைக் காப்பாற்றும், குழந்தையிடமிருந்து அதைக் காப்பாற்ற வீட்டில் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் படுக்கையில் இருந்தாலும் பரவாயில்லை.