கூரைக்கு ஊற்றிய கோழிச்சூப்பு

பெருமதிப்புக்குரிய அக்கா எதெல்மிராவுக்கு,

மலைமேல் வானாய்வுக்கூடத்தில் சமையல் செய்யும் உன் தம்பி பால்தொமெரோ வணங்கி எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் சுகம். ஓவாயே ஊரில் நீயும் அத்தானும் ஆடுகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நீ அனுப்பிய முப்பது லிட்டர் குண்டானுக்கு நன்றி சொல்லவே இக்கடிதம். அது வந்த அன்று, இதில் மாட்டையா குளிப்பாட்டுவது என்று முனகியதற்கு மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். ஜூலைக் குளிர்காலத்தில் ஒரு நாள், விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று காமாக் கதிர் வெடிப்பைப் பார்த்தது. மொத்தம் இருபது விநாடி, நான் ரெண்டு முட்டை உடைக்கிற நேரம். அப்புறம் அதே இடத்தில் ஒரு வெளிச்சம் நாளுக்கு நாள் மெதுவாக ஏற ஆரம்பித்தது. இங்கே ரெனாத்தா என்று கொன்செப்சியோன் ஊர்ப் பெண் ஒருத்தி, வானியல் படித்தவள். ரெண்டும் ஒரே சாவு என்றாள். ராட்சச நட்சத்திரம் ஒன்று உள்ளுக்குள்ளே இடிந்து விழும்போது முதலில் பீறிட்டது அந்தக் கதிர், பிறகு ஏறுவது அதே நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிற வெளிச்சம் என்றாள். அவளுக்கு மேலதிகாரியான டாக்டர் ஃபோல்க்மார் ஜெர்மன்காரர், நம்பவில்லை. என் சாப்பாட்டு மேசையில்தான் சண்டை.

"ஒரே பஸ்ஸுல இறங்கினா ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"ஒரே வீட்டுக்குள்ள போறாங்களே, டாக்டர்."

"பார்த்தியா?"

"பார்க்க விடுங்க, சொல்றேன்."

பார்ப்பதென்றால் அந்த வெளிச்சத்தை வானவில்லாகப் பிரிச்சுப் பார்க்கணுமாம். அதுக்குள்ள பனிப்புயல் பிடிச்சுக்கிச்சு அக்கா, மூணு நாள். தொலைநோக்கியில அவளுக்கு ஒதுக்கிய நாள் தீர்ந்துக்கிட்டே வருது, இந்த முறை விட்டா நட்சத்திரம் மங்கிடும், அவ வேலையும் போயிடும். பொண்ணு சாப்பிட மாட்டேங்குறா, நான் பீன்ஸைத் தட்டுல போட்டு எதிர்ல உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்கிற மாதிரி குடுத்தேன். கடைசி நாள் சாயங்காலம் வானம் துடைச்சு விட்டாப்புல தெளிஞ்சுது. ஆனா தொலைநோக்கி இருக்கிற கோபுரத்துக் கூரைக் கதவு திறக்கல. உறைஞ்சு போச்சுன்னாங்க. ரெனாத்தா அழல, சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா, அதான் எனக்குத் தாங்கல. உறைஞ்சதை உருக்க ஓடிப்போய் வெந்நீர்க் குண்டானைத் தூக்கிட்டு, நானும் டாக்டரும் வெளிப்படியில ஏறி, கதவு இடுக்குல கொட்டினோம்.

அவசரத்துல குண்டான் மாறிடுச்சு. அது வெந்நீர் இல்ல, ராத்திரிக்கு வெச்சிருந்த கோழிச்சூப்பு, உருளைக்கிழங்கு பூசணியோட. பூசணித் துண்டு ஒண்ணு டாக்டர் பூட்ஸுக்குள்ள போச்சு. "பால்தொமெரோ, இது உப்பு கம்மி"ன்னாரு மனுஷன். இறங்கிப்போய் உன் குண்டான்ல வெந்நீர் கொண்டுவந்தோம், எலெக்ட்ரீஷியன் தீத்தோவும் ஒரு கைப்பிடியைப் பிடிச்சான். அதைக் கொட்டி முடிக்கறதுக்குள்ள கதவு முனகிக்கிட்டே திறந்துச்சு அக்கா.

காலையில ரெனாத்தா சமையல்கட்டுக்கு வந்தா. அந்த வானவில்லுல வெடிச்ச நட்சத்திரத்தோட கோடு எல்லாம் அகலமா இருந்துச்சாம், தூரமும் கதிர் வந்த தூரமேதான். டாக்டர் அவ பின்னாடியே வந்து, "கல்யாணப் பத்திரிகை அடிச்சிடலாம்"னாரு. அப்புறம் அவ நாலு ரொட்டி சாப்பிட்டா. அதுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. ஒரு மாசம் நரிங்க வந்து கோபுரத்தை நக்கிக்கிட்டு இருந்துச்சு.

போன வாரம் ரெனாத்தாவின் கட்டுரை அச்சாகி வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், பேராசிரியர்களுக்கு அடுத்து, என் பெயர். ஆறாம் வகுப்போடு நின்றவன் பெயர். என்னை இந்த வேலைக்குத் தள்ளியவளும் நீயே, குண்டான் தந்தவளும் நீயே. மாதா உன் வீட்டு அடுப்பை என்றும் அணையாமல் வைக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
என்றும் கடமைப்பட்ட தம்பி
பால்தொமெரோ

பின்குறிப்பு: என் பெயரைப் பார்த்ததும் தீத்தோவுக்கு மனசு உறுத்தி, இன்று வந்து உண்மையைச் சொல்லிவிட்டான். கதவு உறையவே இல்லையாம். பனிக்காகக் கதவின் மெயின் சுவிட்சை அணைத்தவன் மறுபடி போட மறந்துவிட்டானாம், வெந்நீரை மேலே கொண்டுவந்து வைத்ததும் ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் போட்டானாம். நான் உடனே ரெனாத்தாவுக்குப் போன் போட்டு, பேரை எடுத்துடும்மா என்றேன். "எனக்கு அன்னிக்கே தெரியும், பால்தொமெரோ ஐயா. மூணு நாள் என்னைச் சாப்பிட வெச்சது சுவிட்சு இல்லையே" என்றாள். ஆகவே அக்கா, ஊரில் யாருக்காவது இதைப் படித்துக்காட்டினால், இந்த இடம் வரும்போது கண்ணாடி மங்கிப்போச்சு என்று சொல்லி மடித்து வைத்துவிடு.